நாலு விரலை எங்கே வைப்பது?

விமானத்தில் அடிக்கடி போகிறவர்கள் எல்லாரும் பொய்யர்கள். நானும் ஒருவன். எட்டு மாதம் பொய் சொன்னேன். எல்லாம் ஒரு சீட்டைப் பற்றி.

நான் ஆறடி இரண்டு அங்குலம். ஜெனரேட்டர் மெக்கானிக். நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவன். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு ஜெனரேட்டர் போட்டுக் கொடுக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு ஜெனரேட்டர் நின்றுவிட்டால், நான் ரயிலில் வந்து சேரும்வரை ஆபரேஷன் டேபிளில் கிடக்கிறவன் பொறுத்திருக்க மாட்டான். அதனால் என்னை விமானத்தில் அனுப்பினார்கள். வாரம் இரண்டு தடவை. சில வாரம் மூன்று. இரண்டாயிரத்துக்குப் பிறகு, சின்ன ஜெட்டுகள் ஓடத் தொடங்கியிருந்த காலம்.

சின்ன ஜெட்டில் ஐம்பது பேர் உட்காரலாம் என்பார்கள். எந்த ஐம்பது பேரை வைத்துப் பார்த்துச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. என் சொந்தக்காரர் யாரும் அதில் இல்லை.

வாசலில் குனிய வேண்டும். குனிந்தவன் சீட் வரை நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். கைப்பையை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள், மேலே வைக்க இடமில்லை என்று. ஜன்னல் தோளுக்குக் கீழே இருக்கும். வானத்தைப் பார்க்க வேண்டுமானால் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். (யார் மடியில் என்று கேட்காதீர்கள்.) நான் ஏறி உட்கார்ந்ததும் பணிப்பெண் வந்து, "சார், வெயிட் பேலன்ஸ், கொஞ்சம் பின்னால போறீங்களா?" என்பாள். நான் பயணியா, மணல் மூட்டையா? கடைசி வரிசைக்குப் போனால் எஞ்சின் காதுக்குப் பக்கத்தில். நாள் பூராவும் எஞ்சின் சத்தத்தில் கிடக்கிறவன் நான். அந்த சீட்டில் உட்கார்ந்தால் வேலைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கால்தான் பிரச்சினை. நேராக உட்கார்ந்தால் முட்டி முன் சீட்டில் இடிக்கும். சரிந்து உட்கார்ந்து ஒரு காலை நடைபாதையில் நீட்டுவேன். பணிப்பெண் தள்ளிவரும் தண்ணீர் வண்டி வந்து அந்தக் காலில் மோதும். "சாரி சார்." திரும்பிப் போகும்போது இன்னொரு தடவை மோதும். அதற்கு சாரி கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள். சாலைக் கம்போளத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சண்முகம் அண்ணாச்சியின் மகள் சுகந்தி. கடைக்கு மேலேயே வீடு. தரகர் என் சம்பளத்தைச் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி இல்லை. "மாப்பிள்ளை பிளேன்ல போய்ட்டு பிளேன்ல வர்ற ஆளு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாத்திரம் பார்க்கிற பார்வை. எங்கே ஒடுக்கு விழுந்திருக்கிறது என்று தேடுகிற மாதிரி.

"பிளேன்ல இருக்கதுக்கு வசதி எல்லாம் எப்படி?"

நான் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு அடுக்களைக் கதவுப் பக்கம் ஒரு மஞ்சள் தாவணி தெரிந்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சோபா மாதிரி இருக்கும் அண்ணாச்சி. காலை நீட்டிட்டுத் தூங்கிரலாம். ஏறுனதுதான் தெரியும், இறங்கச் சொல்லுவாங்க."

"காலை நீட்டிட்டா?"

"நல்லா நீட்டிட்டு."

அத்தோடு விட்டிருக்கலாம். அண்ணாச்சி விடவில்லை. கம்போளத்தில் கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டார். நான் வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம் கடைக்குக் கூப்பிடுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

"இன்னைக்குத் தூக்கம் எப்படி மாப்பிள்ளை?"

"நல்ல தூக்கம் மாமா." (அதற்குள் அண்ணாச்சி மாமா ஆகியிருந்தார்.)

"பாத்தீங்களாவே. இவருக்கு ஆகாசத்துல கட்டில்."

என் பொய்யில் அவர் கண்ட ஒரே குறை, அது போதவில்லை என்பதுதான். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாரம் தலையணை கொடுத்தார்கள். அடுத்த வாரம் கம்பளி. (நிஜத்தில் கொடுத்தது ஒரு மிட்டாய்.)

இதில் ஒரு ஆபத்து இருந்தது. எனக்கு முன்னால் சுகந்திக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. அவன் சூப்பர்வைசர் என்று சொன்னான். விசாரித்தால் வாட்ச்மேன். அண்ணாச்சி அன்றே முறித்துவிட்டார். அதைப் பற்றி என்னிடம் இப்படிச் சொன்னார்: "வாட்ச்மேன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பேன். சரக்கு எதுவா வேணா இருக்கட்டும் மாப்பிள்ளை. சொன்ன சொல்லும் சரக்கும் ஒண்ணா இருக்கணும்." அதைக் கேட்ட நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு எட்டு நாள் முன்பு அந்தக் கடிதம் வந்தது. ஆபீஸ் கிளார்க் ஷீபா படித்துச் சொன்னாள். "சேட்டா, விமானக் கம்பெனிக்காரு நிங்ஙளெ விளிச்சிட்டுண்டு." என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடிக்கடி பறக்கிறவர்களிடம், சின்ன ஜெட் வசதியாக இருக்கிறதா என்று கருத்துக் கேட்கப்போகிறார்களாம். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில். குடும்பத்தோடு வரலாம். சாப்பாடு உண்டு.

கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அன்று சாயங்காலம் மாமா ஆபீசுக்குப் போன் செய்தார். எடுத்தது ஷீபா. கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். முடிந்தது கதை.

கூட்டத்தன்று மாமா சலவை வேட்டியில் வந்து நின்றார். தோளில் ஜரிகைத் துண்டு. "உங்க கிட்ட கருத்துக் கேக்கான்னா நீங்க சாமானியப்பட்ட ஆளா? நானும் வாரேன். அந்தக் கட்டிலைப் பாக்கணும்."

"கட்டில் எல்லாம் அங்க கொண்டு வர மாட்டாங்க மாமா."

கொண்டு வந்திருந்தார்கள்.

ஹால் நடுவில் ஒரு பலகை மேடை. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரிசை சீட். நிஜ சீட். விமானத்தில் இருக்கிற அதே இடைவெளியில். மாமா அதைச் சுற்றி வந்தார். கைப்பிடியை விரலால் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக்" என்று மட்டும் சொன்னார்.

டை கட்டிய அதிகாரி மைக்கைப் பிடித்தார். பயணிகளின் சுகம்தான் அவர்கள் லட்சியமாம். அதனால் சீட்டுக்குப் புது உறை போடப்போகிறார்களாம். நீலமா, மெரூனா? அதற்குத்தான் கருத்து.

உறை. என் முட்டி வீங்கிக் கிடக்கிறது. இவர்கள் கலர் கேட்கிறார்கள்.

முதலில் எழுந்தவர், கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். எனக்குத் தெரிந்த முகம். முந்தின வாரம்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து, விமானத்தைச் செய்தவனின் அப்பாவை மலையாளத்தில் விசாரித்துக்கொண்டே வந்தார். இங்கே மைக் கைக்கு வந்ததும், "வெரி கம்ஃபர்டபிள். நீலம் நல்லது" என்றார். அடுத்து ஒரு டாக்டர். அவருக்கும் சுகம். மெரூன். அதற்கடுத்தவருக்கும் சுகம். எல்லாருக்கும் பின்னால் கட்லெட் தட்டு வந்துகொண்டிருந்தது. எனக்குக் காதில் புகை வந்தது. ஆனால் எட்டு மாதம் பொய் சொன்னவன் எந்த வாயால் இவர்களைக் கேட்பது?

அதிகாரி என்னைப் பார்த்தார். "சாரே, நல்ல உயரம். ஒன்று உட்கார்ந்து காட்டாமோ?"

"போங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. "உங்களுக்குப் பழகின இடம்தானே."

விமானத்தில் நான் ஒரு நாளும் நேராக உட்கார்ந்ததில்லை. சரிந்துதான் உட்காருவேன். இங்கே மாமா பார்க்கிறார். சோபாவில் எவன் சரிந்து உட்காருவான்? நேராக உட்கார்ந்தேன். (இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை. செய்திருந்தால் நினைவில்லை.) இரண்டு முட்டியும் முன் சீட்டின் முதுகில் ஆப்பு அடித்த மாதிரி இறங்கின.

"இனி முன் சீட் சாயுமே, அதையும் காட்டலாம். ஆராவது வரணும்" என்றார் அதிகாரி.

"நான் வாரேன்" என்றார் மாமா.

வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார். பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். அனுபவிக்க வந்தவர் அல்லவா. அதிகாரி காட்டிய பொத்தானை அமுக்கி, தொண்ணூறு கிலோவையும் பின்னால் சாய்த்தார்.

"ஆ, நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. "அங்க எப்படி மாப்பிள்ளை?"

"சுகமா இருக்கு மாமா."

"இன்னும் கொஞ்சம் சாயுது போல."

சாய்ந்தார். அதிகாரி மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். "சுகமாணோ சாரே?"

"சுகமில்ல" என்றேன்.

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாமா மட்டும் சாய்ந்தே இருந்தார்.

"சுகமில்ல. ஒரு நாளும் சுகமில்ல. எட்டு மாசமா என் முட்டி செத்துக்கிட்டு இருக்கு. கலரா கேக்குறிய? கோணிச்சாக்குல தைச்சுப் போடுங்க, எனக்கென்ன? காலு வைக்க இடம் உண்டா? பையைப் புடுங்குறிய. ஆளைத் தூக்கிப் பின்னால போடுறிய. இந்தா கட்லெட் திங்கானே, இந்தச் சாரு, போன வாரம் இவரு சொன்ன கெட்டவார்த்தையை இந்த மைக்குல நான் சொல்லட்டுமா? மாமா, நான் சொன்னது அம்புட்டும் பொய். சோபாவும் இல்ல, தூக்கமும் இல்ல. கம்பளியும் இல்ல. நீங்க முதல்ல எந்திரிங்க மாமா."

சொல்லிக்கொண்டே நான் எழுந்தேன். முட்டி வெளியே வரவில்லை. பலம் கொடுத்தேன். அந்த சீட்டுகளை மேடையோடு நட்டுப் போட்டு முடுக்கவில்லை. மெக்கானிக் கண்ணுக்கு அது முதலிலேயே பட்டிருக்க வேண்டும். முன் வரிசை அப்படியே முன்னால் கவிழ்ந்தது. மாமாவும் பெல்ட்டோடு கவிழ்ந்தார். சீட்டை முதுகில் சுமந்துகொண்டு, ஆமை மாதிரி, கம்பளத்தில் முகம் பதித்துக் கிடந்தார்.

பெல்ட்டைக் கழற்ற அவருக்குத் தெரியவில்லை. நான்தான் கழற்றினேன். தூக்கி நிறுத்தினேன். என்னைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். சீட்டை நிமிர்த்தி இருந்த இடத்தில் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். பிறகு குனிந்து, பின் சீட்டின் முதுகிலிருந்து முன் சீட்டின் முதுகு வரை கையை விரித்துச் சாண் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பி என் தொடையில் வைத்தார். இடுப்பிலிருந்து முட்டி வரை. அத்தனை பேர் முன்னால். நான் அசையாமல் நின்றேன்.

"இங்க பாரும்" என்றார் அதிகாரியிடம். "உம்ம சரக்கு மூணு சாண். இவன் தொடை மூணு சாணும் நாலு விரலும். அந்த நாலு விரலை எங்க வைப்பான்?"

"சேட்டா, இது இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட்."

"இன்டர்நேஷனல்ல எவனுக்கும் தொடை கெடையாதா?"

அதிகாரி மைக்கை அணைத்தார்.

ஆட்டோவில் திரும்பினோம். கிழக்கேக்கோட்டை வந்தது. பிறகு மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எட்டு மாசம். எதுக்குவே பொய் சொன்ன?" மாப்பிள்ளை போய்விட்டது. மரியாதையும் போய்விட்டது.

"உங்க மக கதவு கிட்ட நின்னா."

அவர் ஆட்டோக்காரனுக்குக் காசை எண்ணினார். கடை வாசலில் இறங்கினார். "மேல வா. அவ கிட்ட நீயே சொல்லு. கேட்டுட்டு அவ வேண்டாம்னா இன்னையோட தீந்துது."

சுகந்தி முன்னால் நின்று சொன்னேன். சீட் சோபா இல்லை. காலை நீட்ட முடியாது. தூங்கியதில்லை. தண்ணீர் வண்டி வந்து மோதும். அப்பாவைக் கீழே தள்ளிவிட்டேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

அவள் என் காலைப் பார்த்தாள்.

"அப்போ ஊனம் இல்லியா?" என்றாள்.

"எது?"

"கடைக்கு வாறப்பல்லாம் நொண்டிட்டுத்தான வருவிய. நான் மாடி ஜன்னல்ல நின்னு பாப்பேன். கால்ல ஏதோ கொறை இருக்கு, மறைக்காவன்னு நெனச்சேன்."

"நெனச்சும் ஒண்ணும் சொல்லலியா?" என்றார் மாமா.

"பரவால்லன்னு இருந்தேன்பா."

மாமா என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி போடு" என்றார்.

நிச்சயதார்த்தம் ஒரு மாதம் தள்ளிப்போனது. மாமாவின் முகத்தில் கம்பளம் உரசிய தடம் ஆற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். விமானக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. நீலம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

மாமாவுக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்கிறார். பந்தியில் எனக்கு இலை போடும்போது, "தள்ளிப் போடும்வே, நாலு விரல் மாப்பிள்ளை" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சரக்கில் ஒரு குண்டுமணி பொய் பொறுக்காத மனிதர். கதையில் மட்டும் விரல் கூடிக்கொண்டே போகிறது. நாலு ஆறானது. ஆறு எட்டானது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் ஒரு முழம் ஆகிவிட்டது. சுகந்தி என்னைப் பார்த்தாள்.

நான் திருத்தவில்லை. அந்த சீட்டுக்கு அவ்வளவும் வேண்டும்.