ஜஸ்டின் சார் தோற்கப் போன ஞாயிறு

“டம்மிதான் சார். சும்மா ஒரு கையெழுத்து. ஜெயிக்கவா சொல்றேன்?”

விடிவெள்ளி அறிவியல் சங்கத்தின் செயலாளர் வெற்றிசெல்வன், திருமயம் பஸ் ஸ்டாண்டில் வைத்தே படிவத்தை நீட்டிவிட்டார். சங்கத்துக்கு ஒரு கல்விக் குழுத் தலைவர் வேண்டும். தேர்தல் புதுக்கோட்டையில், வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு மனு வந்தால் சங்க விதிப்படி செல்லாது. இரண்டு பேராவது நிற்க வேண்டும்.

“அமுதவல்லி மேடம் நிக்கிறாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ். அவங்கதான் ஜெயிப்பாங்க, எல்லாம் பேசியாச்சு. நீங்க எதுக்க நின்னு தோத்தாப் போதும்.”

ஜஸ்டின் சாருக்குத் தோற்பதில் ஆட்சேபணையே இல்லை. ஜெயித்தால்தான் ஆபத்து. பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பது போக, சாலைப் பாதுகாப்பு, பசுமைப் படை, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிற மனிதர் அவர். போன மாதம்தான், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும் வராததுமாக, மனைவி ஜாஸ்பின் கறாராகச் சொல்லியிருந்தாள்.

“இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கும் ஏஞ்சலுக்கும்தான். இன்னொரு பொறுப்பத் தூக்கிட்டு வந்தீங்க, சோத்தையும் அங்கிட்டே தின்னுக்கங்க!”

ஒன்பதாவது படிக்கும் மகள் ஏஞ்சலும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். ஜஸ்டின் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

“தோத்துருவேன்ல சார்?”

“நான் கேரண்டி,” என்றார் வெற்றிசெல்வன்.

கையெழுத்துப் போட்டார். பாவம்.

ஞாயிறு காலை ஹாலில் நாற்பத்தொரு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். வேட்பாளர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பதே ஜஸ்டினுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

முதலில் அமுதவல்லி மேடம் எழுந்தார். “என்னையப் பத்தி நானே பேசுனா நல்லாருக்காது. ஜஸ்டின் சார் என்ன சொல்றாருன்னு கேப்போம். நன்றி, வணக்கம்.” உட்கார்ந்துவிட்டார்.

அடேயப்பா, ஜெயிக்கப் போகிறவருக்கு எவ்வளவு அடக்கம் என்று ஜஸ்டின் உருகிப்போனார். இப்பேர்ப்பட்டவரிடம் தோற்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தன் பங்குக்குத் தன்னைக் கொஞ்சம் மட்டம் தட்டிக்கொண்டால் வேலை சுலபமாகிவிடும்.

“எனக்கு அறிவியல்ல பாதி தெரியாதுங்க. பசங்க கேக்குற கேள்விக்கெல்லாம் என்கிட்ட பதில் கெடையாது. ‘தெரியலப்பா, வா சேந்து பாப்போம்’னுதான் சொல்லுவேன்.”

கைதட்டல். பின்வரிசையில் ஒருவர், “இதான்யா வாத்தியாரு!” என்றார்.

ஜஸ்டினுக்கு வியர்த்தது. சரி, இவர்களைத் திட்டினால் ஆத்திரத்தில் ஓட்டுப் போட மாட்டார்கள்.

“பதினோரு வருசமா கண்காட்சியில சோடா உப்பு எரிமலைக்கே முதல் பரிசு குடுக்குறீங்க. நம்ம மாவட்டத்துல எங்கங்க இருக்கு எரிமலை? கொடும்பாளூர்லயா? வெக்கமா இல்லையா நமக்கு?”

நாகராசு என்கிற பெரியவர் மெல்ல எழுந்தார். பதினோரு வருடமும் நடுவராக இருந்தவர் அவர்தான். அப்பாடா, அடிக்க வருகிறார் என்று ஜஸ்டினுக்கு உயிர் வந்தது.

“எனக்கும் அந்த எரிமலையப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு தம்பி. ஒருத்தராச்சும் வாயத் தெறந்து சொன்னீங்களே!” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். இந்த முறை விசிலே பறந்தது.

கடைசி ஆயுதம் ஒன்று மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் கை வைத்தால் எந்த மனிதனும் தாங்க மாட்டான்.

“நான் வந்தா இந்த ஹால்ல கூட்டமே கெடையாது! ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு எல்லாரும் கட்டுமாவடிக்கு வரணும். படகு வந்ததும் பசங்க கையில லென்ஸக் குடுத்து மீன் செதில எண்ண வைக்கணும். மீன் பிடிக்கிறவங்கதான் அன்னிக்கு வாத்தியாரு. அடுத்த வாரம் திருமயம் கோட்டைப் பாறை. அதுக்கடுத்து கண்மாய்த் தண்ணி. ஒரு சொட்டுல எத்தனை உசுரு ஓடுதுன்னு ஒவ்வொரு புள்ளயும் தன் கண்ணால பாக்கணும்…”

சொல்லச் சொல்ல அவருக்கே ஆசை வந்துவிட்டது. இருபது வருடமாக மனசுக்குள் கிடந்ததெல்லாம் வரிசை கட்டி வந்தது. தோற்க வந்ததையே மறந்து, பத்து நிமிடத்தை இருபதாக்கினார். முடித்தபோது ஒரு டீச்சர் கேட்டார்: “கட்டுமாவடிக்கு மொத பஸ் எத்தன மணிக்கு சார்?”

போச்சு!

ஜஸ்டின் வாக்குச் சீட்டை வாங்கி, இரண்டு தடவை சரிபார்த்து, அமுதவல்லிக்கு ஓட்டுப் போட்டார். தன்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வெற்றிசெல்வன் முடிவை வாசித்தார். “ஜஸ்டின் நாப்பது. அமுதவல்லி ஒண்ணு.”

கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஜாஸ்பினுக்குப் போன் போட்டார். “ஜாஸ்… ஒரு தப்பு நடந்துபோச்சு…”

“தெரியும். நீங்க பேசுன வீடியோ வாட்ஸப்புல வந்துருச்சு. ஏஞ்சல் மூணு தடவ பாத்துட்டா. கட்டுமாவடிக்கு நானும் வாரேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா.”

“நீ என்ன சொல்ற?”

“ஞாயித்துக்கிழமை எங்களுக்குன்னுதான சொன்னேன்? எங்களையும் கூட்டிட்டுப் போங்க. மீனும் புதுசாக் கெடைக்கும்.”

ஜஸ்டின் போனைச் சட்டைப்பையில் போட்டார். ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! ஆனால் உடனே அமுதவல்லி மேடத்தின் முகம் நினைவுக்கு வந்தது. பதவி அவருடையது. தட்டிப் பறித்தது போல ஆகிவிட்டதே. பார்த்தால் அவரே சிரித்த முகத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தார்.

“மேடம், மன்னிச்சிருங்க. நான் சும்மா டம்மியா நின்னவன். நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு வெற்றிசெல்வன் சார் சொல்லித்தான்…”

அமுதவல்லியின் சிரிப்பு அப்படியே நின்றது.

“என்ன சார் சொல்றீங்க? என்னையத்தான டம்மின்னு சொல்லிக் கூட்டியாந்தாரு!”