எல்லாமே செகண்ட்ஸில்

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு ஊர் பாஷை மறப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கும். மறந்துவிட்டது என்று தெரியவருவது மட்டும் ஒரே நாளில், நாலு பெரிய மனுஷர்கள் முன்னிலையில் நடக்கும். எனக்கு அது ஒரு பனியன் கம்பெனியின் மீட்டிங் ரூமில், ஏசிக் குளிரில், சட்டை நனைய நனைய நடந்தது.

நான் வெப் ஹோஸ்டிங் தொழில் செய்கிறேன். அதாவது கம்பெனிகளின் வெப்சைட்டுகளை என் பொறுப்பில் உள்ள சர்வரில் குடிவைத்து, வாடகை வாங்கிக்கொண்டு, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. (பெண் பார்க்கப் போனபோது மாமனாருக்கும் இப்படித்தான் விளக்கினேன். "அப்ப சொந்தமா காம்ப்ளக்ஸ் கட்டி உட்ருக்கறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று புரியவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது.) சொந்த ஊர் கணியூர். ஆபீஸ் திருப்பூர் நெருப்பெரிச்சலில், ஒரு நிட்டிங் யூனிட்டின் மாடியில். கீழே மெஷின் ஓடினால் மேலே என் மேஜை லேசாக நடுங்கும். வருகிற கஸ்டமர்கள் அதை சர்வர் ஓடுகிற அதிர்வு என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்ப்பார்கள். நானும் மறுத்ததில்லை.

பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகளோடு விலையில் மல்லுக்கட்ட நம்மால் ஆகாது. அதனால் கஸ்டமர் கேட்காமலேயே நாலு நல்லது செய்து, அவர்களை விட்டுப்போகாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மெயில் வரவில்லை என்றால் நானே வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். பழைய போட்டோவை மாற்றிக் கொடுப்பேன். இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் 'கேட்காமலேயே'தான் கடைசியில் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருஷம் எல்லா வெப்சைட்டுகளையும் புதிய சர்வருக்கு மாற்றினேன். முன்பு ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது தட்டினால் திறந்தது. இப்படி ஒரு சாதனையைச் செய்துவிட்டு சும்மா இருக்க எனக்கு என்ன பைத்தியமா? ஒவ்வொரு கஸ்டமரின் வெப்சைட்டிலும், கம்பெனி பெயருக்கு நேர் கீழே, சிவப்பு நிறத்தில் ஒரு பட்டை போட்டேன். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் பார்க்கிற சைட் என்பதால் ஆங்கிலத்தில்: 'எவ்ரிதிங் இன் செகண்ட்ஸ்!' பக்கத்தில் ஒரு பச்சை பட்டன். அழுத்தினால் நேராக ஓனரின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். இரண்டும் இலவசம்.

என் மனைவி கவிதா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், பையர்களோடு பேசி ஆர்டரை முடித்துக்கொடுக்கிற மெர்ச்சண்டைசர். ஒரு வார்த்தை அவளிடம் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் முடிவு தெரிந்தபிறகு ஆச்சரியப்படுத்தலாம் என்று மறைத்துவிட்டேன். (ஆச்சரியப்பட்டாள். அதில் குறை சொல்வதற்கில்லை.)

பட்டை போட்ட சில நாட்களிலேயே துரைசாமி அண்ணன் போன் செய்தார். அவர்தான் என் முதல் கஸ்டமர். "நம்ம பையன், நம்பிக் குடுங்க" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் மற்றவர்கள் வந்தார்கள். அவர் போனால் அத்தனை பேரும் போவார்கள், நானும் கணியூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

"கண்ணு, வெப்சைட்டுல இருந்து ஏகப்பட்ட மெசேஜு வருதாட்ட இருக்குது. ஒண்ணுமே தொறந்து பாக்கல கண்ணு. அந்த மேடம் வந்துட்டுப் போகட்டும், நிதானமா பாக்கறேன்."

எனக்குக் கால் தரையில் இல்லை. வெப்சைட் பார்த்து ஆள் வருவது அந்த வட்டாரத்திலேயே புதுசு. கவிதாவிடம் சொன்னேன். "அப்படி என்னத்தப் பண்ணுனீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டாள். "வேல்யூ" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் என்னையே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அண்ணன் சொன்ன மேடம், கீதா மேடம். சென்னையிலிருந்து ஒரு வெளிநாட்டு பையருக்காக கம்பெனிகளைப் பார்த்து, தரம் சரி என்று சொல்கிறவர். அதுவரை அண்ணன் மற்ற எக்ஸ்போர்ட்டர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இது சொந்தப் பெயரில் வரப்போகும் முதல் நேரடி ஆர்டர், குழந்தைகள் சட்டை. அதை நம்பிப் புதிதாக ஒரு தளம் கட்டி மெஷின் இறக்கியிருந்தார். ஆர்டர் வரவில்லை என்றால் அந்த மெஷின்கள் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டியதுதான். வெப்சைட்டைக் காட்ட என்னையும் வரச் சொல்லியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் போனேன்.

மீட்டிங் ரூமில் பெரிய டிவி. நான் தட்டினேன், பக்கம் திறந்தது. "பாத்தீங்களா மேடம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள" என்றேன்.

கீதா மேடம் பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டு கம்பெனி பெயரைப் படித்தார். கீழே இருந்த சிவப்புப் பட்டையையும் படித்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "எல்லாமே செகண்ட்ஸா சார்?" என்று கேட்டார்.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். உலகத்தில் எல்லா இடத்திலும் செகண்ட்ஸ் என்றால் நேரம். திருப்பூரில் மட்டும் அது கழிவு. ஓட்டை விழுந்த துணி, கோணல் தையல், சாயம் திட்டாகிப்போன சட்டை என்று பையர் வேண்டாமென்று ஒதுக்கியதெல்லாம் செகண்ட்ஸ். அதை மூட்டை மூட்டையாக எடை போட்டு வாங்கிப்போக வியாபாரிகள் இருக்கிறார்கள். இங்கே கைக்குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்தான். ஆனால் அந்தப் பட்டையை எழுதும்போது திருப்பூர்க்காரனை வெளியே உட்காரவைத்துவிட்டு, கம்ப்யூட்டர்காரன் மட்டும் உள்ளே போய் எழுதியிருக்கிறான்.

அண்ணன் டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "தம்பி, அது என்னுங்க?" என்றார். 'கண்ணு' போய் 'தம்பி' வந்துவிட்டது. "வேகம்ங்கண்ணா, சைட்டு வேகமா..." என்று நான் இழுத்தேன். "ஏனுங்க சார், அதைக் கொஞ்சம் எடுத்துப்போடறீங்களா?" என்றார். அவர் வாயிலிருந்து சார் என்ற சொல் வந்ததும் என் தொழில் முடிந்தது என்றே நினைத்தேன்.

போனை எடுத்து மேஜைக்கடியில் பட்டையை அழித்தேன். டிவியில் பக்கத்தை மறுபடி திறந்தேன். பட்டை அப்படியே இருந்தது. இன்னொரு தரம் திறந்தேன். இருந்தது. வேகம் வேண்டுமென்று ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்கூட்டியே ஒரு நகல் எடுத்துவைக்கிற ஏற்பாடு செய்திருந்தேன். அந்த நகல்தான் மின்னலாக வந்து நின்றுகொண்டிருந்தது. பதற்றத்தில் அந்த நகலை அழிக்கிற வழி மட்டும் ஞாபகம் வரவே இல்லை. வேறு வழியில்லாமல் எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டேன். பட்டையை என் பின்மண்டை மறைத்தது. 'எவ்ரிதிங்' மட்டும் ஒரு காதுப் பக்கம் எட்டிப் பார்த்தது. டிவியை அணைத்திருக்கலாம் என்று வீட்டுக்குப் போனபிறகு கவிதா சொல்லித்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து கேட்டிலிருந்து இன்டர்காம் அடித்தது. எடுத்த அண்ணனின் முகம் மாறியது. "யாரோ மூட்டையெடுக்க வண்டியோட வந்திருக்கறாங்களாம். வெப்சைட்டு பாத்துட்டு வந்தமுன்னு சொல்றாங்களாம்" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

"வரச் சொல்லுங்க சார்" என்றார் கீதா மேடம். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரி. கையில் மடித்த காலிச் சாக்கு. டிவிக்கு முன்னால் கைகட்டி நின்ற என்னைச் செக்யூரிட்டி என்று நினைத்து ஒரு சலாம் வைத்தார்.

"அண்ணாச்சி, மெசேஜ் மேல மெசேஜ் போட்டேன், ஒரு பதிலும் இல்ல. அதான் நேர்ல வந்துட்டேன். சரக்கு லாட்ட காட்டுதீயளா?"

"இங்க செகண்ட்ஸே இல்லீங்க" என்றார் அண்ணன்.

"இல்லன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? எத்தன வருசமா ஒங்க வாசல்ல வந்து நின்னுருக்கேன்! ஒரு பீசு கண்ணுல காட்டுனது உண்டா? கோளாறுன்னா பிரிச்சு மறுபடி தச்சிருவாவ, அங்க போயி நிக்காதன்னுல்லா மார்க்கெட்டுல சொல்லுதாவ. இப்ப திடீர்னு எல்லாமே செகண்ட்ஸுன்னு போட்டுருக்கவும், சரி, அண்ணாச்சிக்கு ஏதோ கஷ்டகாலம் போலன்னு மனசு கேக்காம வண்டியப் புடிச்சு வந்தேன்."

கீதா மேடம் நோட்டில் என்னவோ எழுதினார். பேனாவை மூடிவிட்டு, "சார், தையல் ஃப்ளோர் பாக்கலாமா?" என்று எழுந்தார். என்னைக் கடக்கும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "நீங்க இனிமே உக்காரலாம்" என்றார்.

சாயங்காலம் வரைக்கும் அவர் ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. கார் கிளம்பிப் போனதும் அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"சாம்பிள் தைக்கச் சொல்லிட்டாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்ட்டயா கண்ணு? மூஞ்சி வெளுத்துக் கெடக்குது" என்றார். அந்தக் கண்ணுவைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாம்பிள் பாஸாகி ஆர்டரும் வந்தது. நான் ஒவ்வொரு கஸ்டமரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுப் பட்டையை எடுத்தேன். ஒருவர் மட்டும் எடுக்க விடவில்லை. "இருக்கட்டுமுங்க. குடோன்ல அடைஞ்சு கெடந்ததெல்லாம் போயிட்டிருக்குது" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு கஸ்டமருக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டேன். பையர் கண்ணில் படாமல், செகண்ட்ஸ் வியாபாரிகள் மட்டும் பார்க்கிற மாதிரி அவருக்குத் தனியாக ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். அந்த ஒரு பக்கத்துக்காகவே புதிது புதிதாகக் கஸ்டமர்கள் வந்தார்கள். இன்றைக்கு ஆபீஸ் அதே மாடியில்தான், ஆனால் பக்கத்து அறையும் சேர்ந்திருக்கிறது. எதை எழுதினாலும் கவிதா படித்துச் சரி என்று சொன்னபிறகுதான் வெப்சைட்டில் ஏறும்.

எங்களுக்கு இரண்டாவது மகள் பிறந்தபோது துரைசாமி அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையை வாங்கி, கை, கால், விரல் எல்லாவற்றையும் கீதா மேடம் சட்டையைப் பார்த்த மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டு, அறையிலிருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "இவ செகண்டுதானுங்க. செகண்ட்ஸ் இல்லீங்க." அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளை எல்லோரும் இப்படியேதான் அறிமுகப்படுத்துகிறார்கள்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். முதல் நாள் டீச்சர், வீட்டில் நீ எத்தனையாவது பிள்ளை என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து நின்று, "செகண்டுங்க மிஸ், செகண்ட்ஸ் இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் வெளியூர். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று புரியாமல் எனக்கு போன் செய்துவிட்டார்.

"ஒரு செகண்ட் இருங்க மேடம்" என்று சொல்ல வாயெடுத்தேன். பேசாமல் போனைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டேன்.