மைதாப் பசையில் ஒட்டிய குடியுரிமை

எங்கள் வீட்டில் பசை கிடையாது. கோந்துக் குப்பி, பசைக் குச்சி, ஒட்டும் டேப், எதுவுமே கிடையாது. என் மகளுக்குப் பள்ளியில் புராஜெக்ட் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டு வருவாள். மொய்க் கவரைக்கூட நான் ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் மூடுவேன். சமூக அறிவியல் டீச்சர் வீட்டில் கோந்து இல்லை என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். இருபத்தாறு வயதில் நான் செய்த ஒரு காரியத்துக்காக என் கணவர் விதித்த ஆயுள் தண்டனை அது. மேல்முறையீடு செய்ய எனக்கு முகமில்லை.

குற்றத்துக்கான வித்து பழனி அடிவாரத்தில் விழுந்தது. அங்கே அப்பாவுக்குச் சாமிப்பட ஃபிரேம் கடை. மலையிலிருந்து இறங்கி வரும் பக்தர்களுக்கு முருகன் படத்தை அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, கண்ணாடி வைத்துச் சட்டம் அடித்துக் கொடுப்பார். மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடிய வயதில் நான் மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் எத்தனை சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. காற்றுக் குமிழி இல்லாமல், சுருக்கம் விழாமல், நாலு மூலையும் நேராக ஒட்டுவேன். "எம்மவ ஒட்டுனா எமனே வந்தாலும் உரிக்க முடியாதுங்க" என்று அப்பா வாடிக்கையாளர்களிடம் பெருமையடிப்பார். அந்தப் பாராட்டை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன்.

கல்யாணமாகி நான் மலைக்கு வந்தேன். கணவருக்குத் தாண்டிக்குடியில் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலை. எனக்கு அங்கிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் மேலே ஏறிப் போகிற ஓர் ஊரில் (பெயர் வேண்டாம், அவர்களாவது மானத்தோடு இருக்கட்டும்) அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை. அப்போதெல்லாம் இந்திய ஜனநாயகமே என் சார்ட்டுகளில்தான் தொங்கிக்கொண்டிருப்பதாக எனக்கு எண்ணம். நாடாளுமன்றத்துக்கு ஒரு சார்ட், ஊராட்சிக்கு ஒரு சார்ட், அடிப்படை உரிமைகளுக்கு மினுமினுப்புத் தூள் தூவிய ஒரு சார்ட். பாடம் புரிந்ததா என்று பிள்ளைகளைக் கேட்டதைவிட, மூலை நேராக இருக்கிறதா என்று கேட்டதுதான் அதிகம்.

ஒன்பதாம் வகுப்புக்குக் குடியுரிமைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது தலைமையாசிரியர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"டீச்சர், செவ்வாக்கெழம இன்ஸ்பெக்ஷனுக்கு ஆபீசர் வாராராம். கட்டடத்தக் காட்ட முடியாது, ஒழுகுது. ஒங்க சார்ட்ட நம்பித்தான் பள்ளிக்கூடமே கெடக்கு."

எனக்கு அது போதாதா? அன்றே வீட்டுப்பாடம் கொடுத்தேன். "உங்க குடும்பம் இந்தியக் குடும்பம்னு காட்டுற ஏதாவது ஒரு பேப்பரோட ஜெராக்ஸை ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க." முப்பத்தொரு குடும்பங்களின் ஆவணங்களை ஒரே சார்ட்டில் ஒட்டி, மேலே 'நாங்கள் இந்தியக் குடிமக்கள்' என்று எழுதுவதாகத் திட்டம். ரேஷன் கார்டு எண்களைச் சுவரில் ஒட்டிக் காட்சிக்கு வைத்ததற்கே என்னை உள்ளே தள்ளியிருக்கலாம் என்பது இப்போது தெரிகிறது. அப்போது குடியுரிமையைப் பற்றி பாடப் புத்தகத்தில் இருந்த ஒன்றரைப் பக்கம்தான் எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் கடை தாண்டிக்குடியில்தான் இருக்கிறது, ஒரு தாளுக்காகப் பெற்றவர்கள் ஜீப் ஏறி இறங்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

பள்ளிக்குக் கீழே ஒரு குடியிருப்பு இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் தாயகம் திரும்பிய குடும்பங்கள் அங்கே இருந்தன. ரஞ்சனி அங்கிருந்து வருகிறவள். மூன்றாவது பெஞ்சு, அதிகம் பேசாத பெண். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஜெராக்ஸைக் கொடுத்தபோது அவள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் துணி சுற்றி எதையோ கொண்டுவந்தாள். நாலாக மடித்த தடித்த தாள். கப்பலில் வந்து இறங்கியபோது முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. முன்பக்கம் பெயர்களும் தீப்பெட்டி அளவில் ஒரு குடும்பப் படமும் இருந்தன. பின்பக்கம் முழுக்க மை எழுத்தும் முத்திரைகளும்.

"டீச்சர், அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க..." என்று கையைத் தூக்கினாள்.

"அப்புறம் சொல்லலாம். வச்சிட்டுப் போய் உக்காரு. பேசாத."

எனக்குப் பின்னால் கரும்பலகையில் என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, 'பேச்சுரிமை' என்று இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் பார்க்கவில்லை.

இங்கே ஒரு பொய் சொல்லித் தப்பிக்கலாம். ஜெராக்ஸ் என்று நினைத்து ஒட்டிவிட்டேன் என்று சொல்லலாம் (பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்). ஆனால் அது அசல் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததும் சந்தோஷப்பட்டேன். முப்பது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸுக்கு நடுவே பழுப்பேறிய ஓர் அசல் தாள்! ஆபீசர் அசந்துவிட மாட்டாரா? வந்து இறங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது, இனி இது எதற்கு ஆகப்போகிறது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பசை காய்ச்சினேன். அட்டையின் ஓரம் கொஞ்சம் நைந்திருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, சார்ட்டின் நட்ட நடுவில் ஒட்டி, துணியால் அழுத்தித் தேய்த்தேன். சுற்றிலும் காவியும் பச்சையுமாகச் சாயம் கரைத்துக் கரை கட்டினேன். நாலு மூலையும் அவ்வளவு நேர்த்தி.

செவ்வாய்க்கிழமை ஆபீசர் வந்தார். டீ குடித்தார். ஒழுகும் இடத்தை நிமிர்ந்து பார்த்தார். என் சார்ட்டுக்கு முன்னால் நாலு விநாடி நின்றார். "கலர் நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான், ஜீப் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை மணியடிப்பதற்கு முன்பே ரஞ்சனியின் அம்மா வந்து நின்றார். பெயர் யோகேஸ்வரி. நாற்பதைத் தொடுகிற வயது. காபிப் பழம் பறிக்கிற வேலைக்கு அன்று போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர், ரஞ்சனிக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்கணும். தாலுகா ஆபீசுல அசல் கேக்குறாங்க. அந்தத் துண்டச் சுருக்கா குடுத்தீங்கன்னா பஸ்ஸப் புடிச்சிருவேன்."

துண்டு என்று அவர் சொன்னது அந்த அட்டையை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரை வகுப்புக்குக் கூட்டிப்போய், பிரம்பால் சார்ட்டைச் சுட்டிக்காட்டி, "பாருங்க, உங்க கார்டுதான் நடுவுல!" என்றேன். பரிசு கொடுப்பவள் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவரும் முதலில் சிரித்தார். கிட்டே போய்ப் படத்தைப் பார்த்து, "இந்தா, அப்பா மடியில இருக்கிறது நாந்தான். நாலு வயசு" என்றார். பிறகு, "சரிங்க டீச்சர், எடுத்துக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

நான் நகத்தால் மூலையை நெம்பினேன். மூலை மட்டும் தனியாக என் கையோடு வந்தது.

யோகேஸ்வரி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வேணாங்க டீச்சர், பிய்க்காதீங்க" என்று மட்டும் சொன்னார். "கப்பல்ல வந்து எறங்கின மறு வருசமே அப்பா செத்துப் போயிட்டாருங்க. இது தொலைஞ்சா நம்ம எந்த ஊருன்னு எவனுக்கும் தெரியாது, பத்திரமா வச்சுக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. வேற படமும் இல்ல." வாசலில் ரஞ்சனி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் சொல்ல வந்தது என்ன என்று இனி நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்கு முழுசா எடுத்துத் தர்றேங்க" என்று சத்தியம் செய்தேன். வீட்டில் கணவர் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆவியில காட்டுனா பசை எளகிரும். தபால் தலையெல்லாம் அப்படித்தான் எடுப்பாக."

"நிச்சயமாத் தெரியுமாங்க?"

"நான் எடுத்ததில்ல. எடுப்பாகன்னு கேள்வி."

இந்த மருத்துவ ஆலோசனையின் பேரில் மறுநாள் லீவு போட்டுவிட்டு, காலையில் இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சார்ட்டை விரித்துப் பிடித்தோம். பசை இளகவில்லை. நான் கட்டிய கரை இளகியது. காவி ஒரு பக்கமிருந்தும் பச்சை இன்னொரு பக்கமிருந்தும் ஓடிவந்து நடுவில் சந்தித்தன. "பிடிங்க, பிடிங்க" என்று நான் கத்த, அவர் பதறிப்போய் தோளில் கிடந்த துண்டால் படத்தை ஒற்றினார். அப்பா, அம்மா, பையன், மடியில் குழந்தை என நாலு முகமும் துண்டோடு வந்துவிட்டன. அட்டையில் மிச்சமிருந்தது ஒரு பச்சைத் திட்டு. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டில் இருந்த கோந்துக் குப்பியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. மூன்று பஸ் மாறிப் பழனிக்கு ஓடினேன். அப்பா ஈரத் துணியைப் போட்டுக் காத்திருந்து, மூங்கில் சிராயால் மயிரிழை மயிரிழையாக நெம்பி, அரை நாளில் அட்டையை உரித்து எடுத்துவிட்டார். சார்ட்டின் நடுவில் ஓட்டை விழுந்தது, ஆனால் தாள் வந்தது. பின்பக்க எழுத்தை என் பசை தின்றிருந்தது. மயில்துத்தம் வேறு போட்டிருந்தேனே, பூச்சி மட்டும் தொடவில்லை.

"ஏத்தா, இட்லிப் பானைக்கு முன்னாடி எங்கிட்ட வந்திருக்கக் கூடாதா? ஒட்டத் தெரிஞ்சவளுக்கு உரிக்கத் தெரிய வேணாமா?" என்றார். அன்று முழுக்கக் கடையில் யாரிடமும் மகளைப் பற்றிப் பெருமை பேசவில்லை.

பிறகு தாலுகா ஆபீசுக்கு யோகேஸ்வரியோடு நானும் போனேன். ஒரு தடவையில்லை, ஏழு தடவை. 'குடிமகன் அரசிடம் மனு அளிக்கலாம்' என்று பாடத்தில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு விடியுமுன் ஜீப், பிறகு பஸ், பிறகு வரிசை, பிறகு சாப்பாட்டு நேரம், பிறகு 'நாளைக்கு வாங்க' எல்லாம் உண்டு என்று நான் யாருக்கும் நடத்தியதில்லை. முதல் தடவை அத்தாட்சிக்காக முழுச் சார்ட்டையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தேன். மேசையில் விரித்ததும் அந்த ஊழியர் மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல முப்பது குடும்பம் இருக்கு. ஒங்களுது எதும்மா?"

"நடுவுல ஓட்டையா இருக்குல்லங்க, அது."

நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி எழுதிப்போட்டார். பதிவு கிடைத்தது, நகல் வந்தது, ரஞ்சனிக்குச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் நகலில் படம் இல்லை. பதிவேட்டில் படம் ஒட்டுகிற வழக்கம் இல்லையாம். நகலை வாங்கிய யோகேஸ்வரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நீங்க ஏன் டீச்சர் கலங்குறீங்க, சோலி முடிஞ்சிருச்சுல்ல" என்று எனக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

இது நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. ரஞ்சனி நர்ஸ் படித்துவிட்டுத் திண்டுக்கல்லில் வேலை பார்க்கிறாள். போன மாதம் தாண்டிக்குடியில் ஜீப்புக்காக நின்றபோது யோகேஸ்வரியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. குடும்பத்தை விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி என் கையைப் பிடித்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தாரு. அப்பாவுக்கு மீசை இருந்துச்சுன்னு நான் சொல்றேன், இல்லவே இல்லைங்கறாரு அண்ணன். பெரிய சண்டை. பொட்டியிலதானே இருக்குங்கற தைரியத்துல நானும் அந்தப் படத்த உத்துப் பாக்கலைங்க. நீங்கதானே கடைசியா பக்கத்துல வச்சுப் பாத்தீங்க? மீசை இருந்துச்சுங்களா?"

நான் யோசித்தேன். பசை தடவியது நினைவிருந்தது. துணியால் தேய்த்தது நினைவிருந்தது. மேல் மூலை அரை நூல் அளவு இறங்கியிருந்ததைச் சரி செய்ததுகூட நினைவிருந்தது. முகம் நினைவில்லை. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

"பரவால்லைங்க டீச்சர்" என்றார். ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் சிரிக்கவில்லை. ஆனால் என் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது எங்கள் வீட்டில் நான் ஏதாவது பெரிதாகப் பேச ஆரம்பித்தால் (அரசியல் சட்டம், அடிப்படைக் கடமை, அக்கம்பக்கத்தார் ஒழுக்கம் எதுவானாலும் சரி) அவள் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும்மா, மீசை இருந்துச்சா?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, வாயை மூடிக்கொள்வேன்.