ஒற்றைக் காலில் நிற்கும் நீதிமான்

மூச்சு அண்ணன் என்றொரு இனம் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். ஒரு தோளில் சுருட்டிய யோகா பாய், மறு தோளில் துணிப்பை, பைக்குள் வேதாகமமும் போன போராட்ட ஊர்வலத்தில் பிடித்த அட்டையும். சபையில் இவரை யோகா ஆள் என்பார்கள், யோகா வகுப்பில் சபைக்காரர் என்பார்கள், ஊர்வலத்தில், "யாரு, அந்த மெதுவா நடக்கிறவரா?" என்பார்கள்.

இவரிடம் வாய் தவறி "முதுகு வலிக்குது" என்று சொல்லிவிடாதீர்கள். அது முதுகுவலி அல்ல. உலகப் பொருளாதாரம் உங்கள் தண்டுவடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதை இறக்கிவைக்கக் கர்த்தர் இருக்கிறார், ஆனால் நீங்கள் முதலில் முழங்காலை மடக்காமல் குனிய வேண்டும், குனியும்போது தொழிற்சாலையில் சட்டை தைக்கும் பெண்களை நினைத்துக்கொள்ள வேண்டும். நினைத்தால் வலி போகுமா? போகாது. அர்த்தமுள்ள வலியாகிவிடும்.

அவருடைய சூரிய வணக்கம் சூரியனுக்கில்லை, சூரியனைப் படைத்தவருக்கு. ஒற்றைக் காலில் நிற்பது, இரண்டு காலையும் ஊன்ற நிலமில்லாதவர்களுக்காக. "இது விக்கிரக ஆராதனை இல்லையா தம்பி?" என்று சபையில் ஒரு பெரியம்மா கேட்டால், "உழைக்கிற உடம்போட ஜெபம் பெரியம்மா" என்பார். பெரியம்மா அடுத்த வாரம் வேறு ஆராதனைக்குப் போய்விடுவார்.

குளிர்காலத்தில் சபைக் கூடத்தை வீடில்லாதவர்கள் படுக்கத் திறந்துவிடுகிறார்கள். அண்ணன் போராடி வாங்கிக்கொடுத்த உரிமை அது. குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை மட்டும் விடியும் முன்பே எழுந்து போய்விட வேண்டும். அண்ணனுக்கு அங்கே யோகா வகுப்பு.

போன சனிக்கிழமை, இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், எல்லோரும் சவாசனத்தில் கிடந்தார்கள். அண்ணன் பூனைபோல நடந்து கடைசி வரிசையில் நின்றார்.

"இந்தத் தம்பியைப் பாருங்க. எப்படித் தன்னையே ஒப்புக்கொடுத்துட்டார்!"

தம்பியிடமிருந்து குறட்டை வந்தது.

"குறட்டை இல்லை. விடுதலை."

"தூங்குறாருங்க," என்றார் அண்ணனின் மனைவி, படுத்தபடியே. "ராத்திரி ஆஸ்பத்திரியைக் கழுவிட்டு இப்பத்தான் வந்தார். வாடகை ரூமும் போயிடுச்சு. நான்தான் எழுப்பாம விட்டேன்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னார். வீடில்லாமையைப் பற்றித் தியானம். வட்டத்துக்கு இடம் போதவில்லை. தம்பியைத் தட்டி எழுப்பினார்.

"அண்ணே, பத்து மணிக்கு அடுத்த வேலை. கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேனே."

"தாராளமா தம்பி. ஒரே ஒரு கேள்வி. வீடில்லாத துயரம் உடம்புல எங்கே தங்கியிருக்கு? நெஞ்சுலயா, தோள்லயா?"

தம்பி யோசித்துப் பார்த்தார். "இடுப்புல அண்ணே. தரை கட்டாந்தரையா இருக்கு."

அண்ணனின் மனைவி தன் பாயை அவருக்குக் கீழே தள்ளிவிட்டார். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க வெளியே போய் உருகுங்க" என்றார்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் வட்டம் மறுபடி கூடியது. பனிக்காற்று. விரல் விறைப்பதற்குள் தியானம் நிறைவடைந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"சனிக்கிழமையும் அவங்க விடிஞ்ச பிறகும் தூங்கட்டுமே. வகுப்பைச் சாயங்காலம் வச்சா என்ன?" என்று மனைவி வழியெல்லாம் கேட்டிருக்கிறார்.

"கொள்கை அளவுல நான் உன் பக்கம்தான். ஆனா சாயங்காலம் மூச்சு ஆழமா இறங்காதும்மா."

முடிவைச் சபைக் கமிட்டிக்கு விட்டிருக்கிறார். கமிட்டித் தலைவர் யார்? அவர்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது, வயிற்றுத் தசைக்கு இதம். ஆனால் ஒன்று சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை அந்த மனிதர் எங்கே படுப்பார் என்று கேட்கவா இப்போது வாயெடுத்தீர்கள்? இல்லை, வகுப்பில் இடம் இருக்கிறதா என்றா?