நாச்சம்மாளின் நல்ல வார்த்தை

மருதாத்தாள் வீட்டு வாசலில் புதிதாக ஒரு பூசணிக்காய் தொங்கியது. உருட்டு விழியும் முறுக்கு மீசையும் வரைந்த திருஷ்டிப் பூசணி. தெருவில் எத்தனையோ வீடு இருக்க, அந்த விழி நேராக எதிர்வீட்டு நாச்சம்மாளின் அடுப்படி ஜன்னலையே முறைத்தது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. அது என்னையத்தானே பாக்குது?"

கணவர் கருப்புசாமி பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "காத்துக்குத் திரும்பியிருக்கும் புள்ள."

"காத்து எங்கீங்க அடிக்குது?"

கணவாய்க் காற்று சட்டி பானையை உருட்டுகிற மலையாள எல்லை ஊர் எலப்புள்ளி. அன்றைக்கென்று பார்த்து ஓர் இலை அசையவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் நாச்சம்மாளுக்குச் சோறு இறங்காது. இந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. போன வாரம்தான் மருதாத்தாளுக்குப் பஞ்சாயத்தில் 'மிகச்ச க்ஷீரகர்ஷக' என்று மலையாளத்தில் எழுதின ஷீல்டு கொடுத்தார்கள். பால்மாடு வளர்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை என்று அர்த்தம். இருவரும் ஒரே சொசைட்டியில்தான் பால் ஊற்றுகிறார்கள். மாடு நாச்சம்மாளிடம் அதிகம், ஷீல்டு அங்கே. ஊரே கை தட்டியபோது இவள் மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேடையிலிருந்த மருதாத்தாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"வயித்தெரிச்சல் புடிச்சவள்னு பேரு வாங்காதே. போயி நல்லதா நாலு வார்த்தை சொல்லீட்டு வா," என்றார் கருப்புசாமி.

போனாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு தொழுவத்தில் நின்று, "மருதா, மாடா இது? மகாலட்சுமியல்லோ! மடியப் பாரு, குடமாட்டம்!" என்றாள்.

சாயங்காலமே அந்த மாட்டுக்கு மடிநோய்.

அடப் பாவமே என்று விசாரிக்கப் போனவள், ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "மாடு சரியாப் போயிரும் அம்மிணி. உன்ற மோட்டார் தண்ணியப் பீச்சற பீச்சுக்கு இன்னும் நாலு மாடு கட்டலாம்," என்றாள். வீடு வந்து சேர்வதற்குள் மோட்டார் புகைந்துவிட்டது.

மருதாத்தாளின் மகள் செல்வப்பிரியா ஸ்கூட்டியில் எதிரே வந்தாள். "எத்தனை அழகா ஓட்டறே கண்ணு!" என்று வாய் தவறி வந்துவிட்டது. ஸ்கூட்டி சாக்கடையில், பிள்ளை வரப்பில். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா? சொசைட்டியில் இவள் தலையைக் கண்டாலே பெண்கள் பால் கேனை முந்தானையால் மூடினார்கள். ஒருத்தி கைக்குழந்தையைத் தூணுக்குப் பின்னால் மறைத்தாள்.

நல்லது சொன்னால்தானே வம்பு, திட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது நாச்சம்மாளுக்கு. மறுநாள் மருதாத்தாளின் கன்றுக்குட்டியைப் பார்த்து, "இதென்ன நோஞ்சான் கன்னு! எலும்பும் தோலுமா நிக்குது!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

மருதாத்தாள் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள். "ஏனக்கா, நல்லாருக்குதுன்னு சொல்லி மாட்டப் படுக்க வெச்சீங்க. இப்ப நேராவே சாபம் உட ஆரம்பிச்சுட்டீங்களா?"

அத்தோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அற்றுப்போயிற்று. நாச்சம்மாள் அதன்பிறகு மண்ணைப் பார்த்தே நடந்தாள். யாருடைய எருமை மேலாவது முட்டிக்கொள்வாள், நிமிர மாட்டாள்.

"ஏனுங்க, என்ற கண்ணு கொள்ளிக்கண்ணுங்களா?" என்று கேட்டு அழுதாள்.

"கம்முனு இரு புள்ள. கல்யாணமான புதுசுல என்ற முடியப் பாத்து எத்தனை அழகுன்னு சொன்னியே, எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

நாச்சம்மாள் அவர் தலையைத்தான் பார்த்தாள். கருப்புசாமி வழுக்கையைத் தடவிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் செல்வப்பிரியாவுக்கு வரன் வந்திருக்கிற சேதி தெரிந்தது. பக்கத்துச் சித்தூரில் தென்னந்தோப்பு, மாப்பிள்ளைக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. நாச்சம்மாள் தன் மேலேயே சந்தேகப்பட்டு நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். எரியவில்லை! ஷீல்டு அங்கேயே இருக்கட்டும், அந்தப் பிள்ளை நல்லா இருந்தால் போதும் என்றுதான் தோன்றியது. அத்தனையும் மெய்யான சந்தோசம். ஆனால் அதைப் போய்ச் சொல்ல முடியாதே! சொன்னால் விளங்குமா? வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வழியில்லாமல் போச்சே என்று அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

வாசலில் மருதாத்தாள் வந்து நின்றாள். முகம் உர்ரென்று இருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நாச்சம்மாள் கதவோரம் ஒதுங்கினாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்க. நீங்க வரோணும்."

"நானா? வேண்டாம் அம்மிணி. நான் இங்கிருந்தே கும்புட்டுக்கறேன்."

"நானும் அதயேதான் சொன்னேனுங்க. செல்வி கேட்டாத்தானே? பெரியம்மா வந்தாத்தான் சீலை கட்டுவேன்னு உக்காந்துட்டா."

நாச்சம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. ஊரே பழி போட்டாலும், விழுந்து அடிபட்ட பிள்ளையே தன்னை நம்புகிறதே! அன்றைக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பார்வை பாயை விட்டு நகரவில்லை. செல்வப்பிரியா காப்பி கொடுத்துவிட்டு நேராக அவளிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, தலையத் தூக்கி மாப்பிள்ளையப் பாருங்க."

அடுப்படி வாசலில் நின்ற மருதாத்தாள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நாச்சம்மாளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. நிமிர்ந்தாள். அடக்கி வைத்த சந்தோசமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"அடடா, தங்கமாட்ட மாப்பிள்ளை கண்ணு! என்ன பொருத்தம்! இந்தக் கல்யாணம் அமோகமா நடக்கும் பாரு!"

மருதாத்தாளின் கையிலிருந்த டம்ளர் தரையில் உருண்டது. நாச்சம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு பயந்துபோய்ப் பிள்ளையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டு காதோரம் குனிந்தாள்.

"இன்னொருக்கா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க பெரியம்மா. எனக்கு இந்த மாப்பிள்ளையச் சுத்தமாப் புடிக்கலீங்க."