டிஷ்யூ ஜோசியர்

சிங்கப்பூரில் முகத்தைப் பார்க்காமலேயே மனிதரைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் தேக்கா பக்கம் ஓர் உணவங்காடி நிலையத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் சாப்பாடு வாங்கப் போகும்முன் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிப்பார்கள். போலீஸ் காவலுக்குக்கூட அந்த மரியாதை கிடைக்காது. யாரும் தொட மாட்டார்கள். எங்கள் டிஷ்யூ ஜோசியர் அதை வைத்துத்தான் பலன் சொல்வார். புதுப் பாக்கெட் வைப்பவர் ஊரை நம்புகிறவர். குடை வைப்பவர் வானத்தையே நம்பாதவர். அலுவலக அட்டையை வைப்பவர், தான் இல்லாவிட்டால் அலுவலகம் நின்றுவிடும் என்று நினைப்பவர். சீக்கிரமே அவர் இல்லாமல் அது ஓடும். கைப்பேசியை வைத்துவிட்டுப் போகிறவருக்குப் பெண் கொடுக்கலாம். வரிசையில் நின்று அதையே திரும்பித் திரும்பிப் பார்ப்பவருக்குக் கொடுக்கக் கூடாது.

நான் அங்கே பிரியாணிக் கடையில் தட்டு கழுவினேன். உயர்நிலை இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கப்பல் பட்டறை, லாரி, காவலாளி உடுப்பு. எங்கும் ஐந்து மாதம் தாண்டியதில்லை. மார்சிலிங்கில் ஐந்து பேர் படுக்கும் அறையில் கதவோரம் என் பாய்.

"நீ எதை வச்சுடா இடம் பிடிப்பே?" என்றார் ஜோசியர் ஒருநாள்.

"எதுவும் வைக்கிறதில்லண்ணே. நின்னுக்கிட்டே சாப்பிட்டுருவேன்."

ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப உனக்கு ஜோசியமே கிடையாது லா."

அந்தச் சமயத்தில்தான் நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஓரிடத்தில் இருக்கும் ஆசை வந்தது. காரணம் ஸ்டெல்லா. பாசிர் ரிஸ்ஸில் தனியாக இருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து பிரியாணிக்கு வருவாள். எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைப்பாள். தட்டு கழுவுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். முதல் கணவனின் கத்தல் தாங்காமல் பிரிந்து வந்தவள் அவள். முதலாளியம்மா எனக்காகப் பேசியபோது, அரைமணி நேரம் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் மறுபடி கேட்கக் கூடாது என்றாளாம்.

ஞாயிறு நண்பகல். எள் போட இடமில்லை. ஜோசியரே ஒரு பாக்கெட்டை என் கையில் திணித்து, மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையைக் காட்டினார். வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனேன். திரும்பும்போது ஸ்டெல்லா தூண் அருகே நின்றிருந்தாள். பெருமையாக அழைத்துப் போனேன். பாக்கெட் இல்லை. ஆறு பேர் கொண்ட குடும்பம் மீன்தலைக் கறியைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தது.

பக்கத்து மேசையை ஜோசியர் துடைத்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டைப் பார்த்தீர்களா என்றேன்.

"குப்பைன்னு நினைச்சு எடுத்துட்டேன்டா."

வாழ்நாளில் ஒரு பாக்கெட்டையும் தொடாத மனிதர்! கையில் இரண்டு குவளைச் சூடு. இடம் போவது எனக்குப் புதிதில்லை.

"சரிண்ணே, பரவாயில்ல," என்றேன். அந்தக் குடும்பத்தைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, ஸ்டெல்லாவைத் தட்டு கழுவும் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய் உட்கார எண்ணெய் டின் இரண்டைக் கவிழ்த்துப் போட்டேன். அரைமணி நேரம் இரண்டு மணி நேரமானது. முதலாளி தட்டு எங்கே என்று சத்தம் போட்டபோது பாதித் தட்டுகளை அவள்தான் அலசினாள்.

கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்துச் சொன்னாள்: "நீங்க டீ வாங்கப் போனப்பவே நான் வந்துட்டேன். உங்க ஜோசியர் வந்து, 'அவன் நல்லவன்னு நான் சொன்னா நம்பாதம்மா. இப்ப அவன் இடத்த எடுக்கிறேன். யார்மேல கத்துறான்னு மட்டும் பாரு'ன்னாரு. பாக்கெட்ட எடுத்து சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு."

மறுநாள் நேராகப் போய், நான் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு தப்பிச்சிருக்கும்," என்று மேசையைத் துடைத்தார்.

இப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிறுதோறும் பாசிர் ரிஸ்ஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். நான் கடைசி வாய்ச் சோற்றை விழுங்குவதற்குள் தட்டை எடுத்துவிடுவார். எங்கள் மேசைக்கு மூன்று நாற்காலிகள். திங்கள் முதல் சனி வரை மூன்றாவதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருக்கும். ஸ்டெல்லாவின் தங்கை வந்தால்கூட நின்றுகொண்டுதான் தேநீர் குடிக்கிறாள்.