சலவைக்கல் அம்மாளுக்கு ஒரு பொட்டு

சில பிழைகளை நினைத்தால் ராத்திரி நித்திரை வராது என்பார்கள். எனக்கு இதை நினைத்தால்தான் நல்ல நித்திரை வருகிறது.

என் பேத்தி மதுரா மொன்றியலில் தன்னோடு படித்த டேவிட் என்ற இங்கிலாந்துப் பெடியனை விரும்பினாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். அவனுடைய தாய் மார்கரெட்டுக்குத்தான் யோசனை. நேரில் பார்த்தால் மனம் மாறும் என்று மதுரா என்னையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டாள். (ஏன் என்னை? என் மகளுக்கும் டேவிட்டுக்கும் லீவு கிடைக்கவில்லை. வேறு ஒரு காரணமும் இல்லை.)

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் ஏறும்போதே பாடம் தொடங்கிவிட்டது.

"அம்மம்மா, அங்க ஒண்டையும் தொடக்கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையே?"

"சின்னப் பிள்ளை எண்டா கையில பிடிச்சுக்கொண்டு போகலாம்."

மார்கரெட் புருஷனை இழந்து தனியாக இருப்பவர். ஊருக்குப் பக்கத்தில் பழைய பிரபு ஒருவரின் பெரிய தோட்டம் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. எங்களையும் அங்கேதான் கூட்டிப் போனார். குளம், செம்மறி ஆடுகள், மேட்டின் மேல் தூண்களோடு வட்டமாய் ஒரு வெள்ளைக் கோயில்.

"சாமி கும்பிடுற கோயில் இல்லை அம்மம்மா. தோட்டத்துக்கு வடிவா இருக்கட்டும் எண்டு கட்டினது" என்றாள் மதுரா.

"ஓம், விளங்குது" என்றேன். மூளைக்கு விளங்கியது. காலுக்கு விளங்கவில்லை. கல்லுப்படியைக் கண்டதும் அது தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. மார்கரெட்டும் மரியாதைக்குத் தன் சப்பாத்தைக் கழற்றி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அப்போதே அந்த மனுசியை எனக்குப் பிடித்துவிட்டது.

அவர் மதுராவுக்குக் குளத்தைக் காட்டிக்கொண்டு வெளியே நின்றார். நான் உள்ளே போனேன். நடுவில் சலவைக்கல்லில் செதுக்கிய சிலையாய் ஒரு அம்மாள், கையில் பூக்கூடையோடு. என்ன லட்சணமான முகம்! ஆனால் நெற்றி மொட்டை.

எனக்கு மொட்டை நெற்றியைக் கண்டால் ஆகாது. என் மனுசன் செத்த அன்றைக்கு என் பொட்டை அழிக்க வந்த சொந்தக்காரிகளிடம், "இது அந்தாள் வாங்கித் தந்த பொட்டில்லை, பிறந்ததில இருந்து நான் வைக்கிறது" என்று சொல்லி அனுப்பியவள் நான். பிறகு விமான நிலையத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போனதும் பொட்டோடுதான்.

கைப்பையில் எங்கள் டொலார்ட் முருகன் கோயில் குங்குமம் எப்போதும் இருக்கும். எட்டி, மோதிர விரலால் ஒன்றே ஒன்று வைத்தேன். அம்மாளுக்கு உயிர் வந்துவிட்டது!

உயிர் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. காலையில் பெய்த தூறல் தூண்களுக்கு இடையால் அடித்து, கல் ஈரமாக இருந்திருக்கிறது. குங்குமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கத் தொடங்கியது. விமான நிலையத்துக் கண்ணாடியெல்லாம் பளபளக்க வைத்த கை அல்லவா, சும்மா இருக்குமா? ஈரத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கன்னம் சிவந்தது. இன்னும் தேய்த்தேன். யாரோ அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது முகம்.

திரும்பினால் வாசலில் மார்கரெட். அவர் போட்ட சத்தத்தில் ஆடுகள் ஓடின. பதட்டத்தில் எனக்கு வந்தது வேலையிடத்துப் பிரெஞ்சுதான்: "பார்தோன், மதாம்!" (வேலையில் அது நான் வழிவிடச் சொல்லுவது. மன்னிப்புக் கணக்கில் சேராது.)

மதுரா உள்ளே வந்து மொழிபெயர்த்தாள். "இருநூறு வருசத்துக்கு மேல ஒருத்தரும் தொடாத முகமாம், அம்மம்மா."

"அதுதானே பாவம்" என்றேன்.

சிலைகளைப் பராமரிக்கிற இரண்டு பேர் வெள்ளைக் கையுறையோடு ஓடி வந்தார்கள். மார்கரெட் ஈரப் புல்லில் வெறும் காலுறையோடு நின்று அவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

திரும்பும்போது மார்கரெட் கார் ஓட்டினார். "எல்லாம் போச்சு. இனி அவ சம்மதிக்கமாட்டா" என்று மதுரா அழுதாள். "ஒரு மன்னிப்பாவது கேளுங்கோ."

"மன்னிப்பில்லை, காரணம் சொல்லுறன். ஒரு சொல்லும் விடாமல் அவவுக்குச் சொல்லு" என்று, பொட்டழிக்க வந்தவர்களை அனுப்பிய கதையைச் சொன்னேன். மார்கரெட் காரை ஓரமாக நிறுத்திக் கேட்டார். பிறகு காரை மறுபடி எடுத்து, எங்களை நேரே வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். சம்பந்தம் கலைந்தது என்று நானும் நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி மட்டும் எனக்கு நித்திரை வரவில்லை. (மதுராவிடம் சொல்லவில்லை.)

கலையவில்லை. அடுத்த கோடையில் மொன்றியலில் கலியாணம். தடுக்கித் தடுக்கிச் சேலையில் வந்த மார்கரெட், அத்தனை சனத்துக்கு நடுவில் என் முன்னால் நெற்றியைக் காட்டிக் குனிந்தார். ஏதோ கேட்டார். மதுராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கழுவினாப் போகுமோ எண்டு கேக்கிறா, அம்மம்மா. சிலையில இன்னும் முழுசாப் போகேல்லையாம்."

"போகாது எண்டு சொல்லு."

சொன்னாள். மார்கரெட் நெற்றியை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். பொட்டைப் பெரிதாகவே வைத்துவிட்டேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் நான் குங்குமச் சிமிழைத் திறந்தால் போதும், பேரப்பிள்ளைகள் நெற்றியைப் பொத்திக்கொண்டு, "நான் சிலை இல்லை, நான் சிலை இல்லை" என்று ஓடுவார்கள். ஓடட்டும். எப்படியும் சாப்பிட வருவார்கள்தானே.